தகரப் பலகையில் என் பெயர்

செயினைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொரு கண்ணியாகத் தேய்த்துக்கொண்டிருந்தேன். வெளியே போயிருந்த ஆஷிக் அண்ணன் செய்தித்தாள் சுற்றிய ஒரு தகரப் பலகையோடு வந்து அதைச் சுவரில் சாய்த்து வைத்தான். சைக்கிளின் நடுக்கம்பிகளுக்கு இடையில் கடைக்காரர்கள் தங்கள் கடைப் பெயரை எழுதி மாட்டுவார்களே, அந்த முக்கோணப் பலகை. காகிதத்தைப் பிரித்தான். மஞ்சள் பெயிண்டில் கறுப்பு எழுத்து. ‘பிளஸ் டூவில் 1043 மதிப்பெண். ஆசிரியர் பயிற்சிக்கு இடமில்லை! உ. ஃபரீன், கள்ளக்குறிச்சி. நாங்கள் கேட்பது சலுகை அல்ல, உரிமை.’ என் பெயரை மட்டும் சிவப்பில் எழுதச் சொல்லியிருக்கிறான். கல்யாணப் பத்திரிகையில்கூட யாரும் என் பெயரை அவ்வளவு பெரிதாகப் போடப்போவதில்லை.

“எப்படி இருக்குது?” என்றான்.

“எனக்குத்தான் எடம் கெடச்சிட்டுதே.”

“அது தெரியும். இது போன வாரமே எழுதக் குடுத்தது.”

கை முழுக்கக் கறுப்பு எண்ணெய். இல்லாவிட்டால் அந்த நிமிஷமே அதைப் பிடுங்கித் தெருவில் எறிந்திருப்பேன்.

இரண்டு மூன்று வருடங்களாகவே எங்கள் ஆட்களுக்குத் தனி இடஒதுக்கீடு கேட்டு மறியல், பேரணி, மாநாடு என்று ஒன்று மாற்றி ஒன்று நடந்துகொண்டிருந்தது. அத்தாகூடப் புளிக்கடையை அடைத்துவிட்டு உளுந்தூர்பேட்டை மறியலுக்குப் போனார். போலீஸ் பிடித்து ஒரு கல்யாண மண்டபத்தில் உட்கார வைத்து, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பியது. கேட்பதில் நியாயமில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. கவுன்சிலிங் நடந்த அவ்வளவு பெரிய கூடத்தில் முக்காடு போட்ட பெண் நான் ஒருத்திதான். வரிசையில் நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வையை அண்ணனும் பார்க்கவில்லை, அவனுடைய இயக்கத்துத் தலைவர்களும் பார்க்கவில்லை. முதல் பட்டியலில் என் பெயர் வரவில்லை. நான் அழுதேன். அண்ணன் நோட்டீஸ் அடித்தான்.

அந்த நோட்டீஸ் அடித்தபோது அதில் இருந்தது உண்மைதான். ஆனால் அடுத்த வாரம் இரண்டாவது பட்டியல் வந்தது. யாரோ ஒருத்தி வேறு படிப்புக்குப் போய்விட்டாள் போலிருக்கிறது, கடலூரில் அரசுப் பயிற்சிப் பள்ளியில் எனக்கு இடம் விழுந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் ஆபீஸ் மூடுவதற்குள் அம்மா அல்லது அத்தாவோடு நேரில் போய்ச் சேர வேண்டும். போகாவிட்டால் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிடுவார்கள். அத்தா அன்றைக்குக் கடைக்கு வந்தவர் போனவருக்கெல்லாம் லட்டு கொடுத்தார். இடஒதுக்கீடு கேட்டு அண்ணனின் இயக்கம் ஏற்பாடு செய்திருந்த சைக்கிள் பயணமோ வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கிளம்புவதாகத்தான் இருந்தது. மாநிலத் தலைவருக்கு வெள்ளிக்கிழமை வேறு ஊரில் கூட்டமாம். கொடியசைப்பதை வியாழக்கிழமை காலைக்கு மாற்றிவிட்டார்கள்.

சைக்கிள் என்னுடையது. வெள்ளிமலையில் தங்கி மூலிகைச் செடிகளைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த ஒரு சென்னைக்காரர் ஊரைவிட்டுப் போகும்போது அத்தாவின் கடையில் விட்டுவிட்டுப் போன மலை சைக்கிள் அது. தடித்த டயர், நேர்க்கம்பி ஹேண்டில்பார், பின்னால் ஆறு பல்சக்கரம், முன்னால் மூன்று. அண்ணன் ஓட்டிப் பார்த்து, செயின் நழுவி, ‘இது வண்டியாடி?’ என்று திண்டிவனத்தில் ஒரு பழைய சைக்கிள் கடையில் விற்கப் போனான். நான் விடவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கும் அரங்கநாதனிடம் கொண்டுபோனால், கியர் வண்டி நமக்கு வேண்டாம் என்று கையைக் கழுவிவிட்டார். அதனால் நானே கழற்றினேன், நானே கெடுத்தேன், கெடுத்ததை நானே சரிசெய்தேன். டியூஷனுக்குப் போவதும் மார்க்கெட்டுக்குப் போவதும் அதில்தான். பொம்பளைப் பிள்ளை இந்த வண்டியிலா என்று கேட்டவர்கள் எல்லாம் இருக்கிறார்கள். பயணத்துக்கு ஆள் சேர்த்தபோதுதான் இவர்களுக்கு அந்த வண்டி நினைவுக்கு வந்தது.

காரணம் பேட்டரி. மைக் செட்டுக்கு ஒரு கார் பேட்டரியும், ஆம்ப்ளிஃபயரும், குழாய் ஸ்பீக்கரும் வேண்டும். வேன் பிடித்தால் அது சைக்கிள் பயணம் ஆகாது என்று பைசல் அண்ணன் சொல்லிவிட்டார். அவர்தான் எங்கள் பகுதிக்குப் பொறுப்பாளர். முதல் இரண்டு நாள் கல்வராயன் மலையில், பிறகு கீழே இறங்கி சங்கராபுரம், திருக்கோவிலூர், திருநாவலூர், களமருதூர் என்று சுற்றி உளுந்தூர்பேட்டையில் நிறைவுக் கூட்டம். மலையில் இருப்பவர்கள் மலையாளி என்கிற பழங்குடி சனங்கள். அவர்களுக்கு இடஒதுக்கீடு ஏற்கெனவே இருக்கிறது, எங்கள் ஆட்கள் அங்கே நாலு வீடுகூடக் கிடையாது. அங்கே போய் யாரிடம் எதைக் கேட்கப் போகிறீர்கள் என்றேன். மலையேறினால்தான் பேப்பரில் போடுவார்கள் என்றான் அண்ணன். மற்றவர்களுடையது எல்லாம் சாதாரண சைக்கிள். அவ்வளவு பாரத்தோடு மலையேற்றத்தில் மிதிக்க என் வண்டியால் மட்டும்தான் முடியும்.

சும்மா சொல்லக்கூடாது, அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. கோபத்தில் இருக்கும்போதும் கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. கியர் ஒயர் துருப்பிடித்துக் கிடந்தது. மொபெட்டின் கிளட்ச் ஒயரை வாங்கி அளவுக்கு வெட்டிப் போட்டேன். தேய்ந்துபோன பிரேக் கட்டைகளை மாற்றினேன். பின்சக்கரத்தில் தொளதொளவென்று இருந்த கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கி, சக்கரத்தைச் சுற்றிவிட்டு, கோணல் போகிறவரை மறுபடி முறுக்கினேன். டயரின் பக்கவாட்டில் வெடிப்பு விட்ட இடத்துக்கு உள்ளே பழைய டியூப் துண்டை வைத்தேன். அந்த வண்டிக்கு கேரியரே கிடையாது. முட்டைக்காரர் சைக்கிள் கேரியர் ஒன்றை வாங்கி, வெல்டிங் கடையில் நின்று, எந்தக் கம்பியில் ஒட்ட வேண்டும் எதில் ஒட்டக்கூடாது என்று சொல்லி ஒட்டவைத்தேன். பேட்டரியை வைக்க மட்டும் நான் முதலிலேயே இடம் பார்த்து வைத்திருந்தேன். நடுக்கம்பிகளுக்கு இடையில், பெடலுக்கு மேலே, தாழ்வாக. அங்கே இருந்தால் பாரம் இரண்டு சக்கரத்துக்கும் பிரிந்துபோகும். அந்த இடத்தில்தான் அண்ணன் பலகையை மாட்டினான்.

“பேட்டரிய பின்னாடி கட்டிக்கலாம். முட்டக்காரரு கட்டலியா, பால்காரரு கட்டலியா?”

“அவங்க மலையா ஏறறாங்க?”

“நடுவுல பேட்டரிய வெச்சிட்டா போர்ட எங்க மாட்டறது? இன்னா பேசற நீ.”

எங்கள் ஊரில் சைக்கிளில் பாரம் கட்டுவது என்றால் பின்னால் கட்டுவதுதான். ஆடு, புளிமூட்டை, கட்டில் எல்லாமே பின்னால்தான். சமதரையில் அது சரிதான். ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு இருவரும் கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணை தாண்டி மலையடிவாரத்துக்குப் போனோம். பேட்டரி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், நோட்டீஸ் கட்டு, படுக்கை எல்லாம் லாரி டியூப் ரப்பரால் பின்னால் இறுக்கிக் கட்டியிருந்தது. முதல் வளைவில் அண்ணன் எழுந்து நின்று மிதித்தான். முன்சக்கரம் குதிரை மாதிரி மேலே தூக்கிக்கொண்டது. வண்டி ஒருபக்கம், அவன் ஒருபக்கம். இரண்டாவது முறையும் அப்படியேதான். நான் ஏறி உட்கார்ந்தேன். சின்னக் கியரில் போட்டு, ஹேண்டில்பார்மேல் மார்பு படுகிற மாதிரி குனிந்து, என் உடம்பையே முன்பாரமாக வைத்து மிதித்தேன். மூன்று வளைவு ஏறினேன். முழங்கால் ஒவ்வொரு மிதிக்கும் என் பெயர்மேல் உரசியது.

மேலேயிருந்து கூடையோடு இறங்கி வந்த பாப்பாத்தி அக்கா என்னைப் பார்த்து நின்றார். அத்தா கடைக்குப் புளியும் கடுக்காயும் கொண்டுவருகிறவர் அவர். மூச்சுவாங்கிக்கொண்டு நின்ற என்னையும் பலகையையும் பார்த்தார்.

“இன்னா பாப்பா எழுதிக்கீது?”

படித்துக் காட்டினேன்.

“எடம் கெடச்சிட்டுதுன்னுதான பாய் எனக்கு லட்டு குடுத்தாரு?”

கீழே வளைவில் அண்ணன் காலில் பட்ட சிராய்ப்பை ஊதிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனைக் கேளுங்கள் என்று கையைக் காட்டிவிட்டு, வண்டியைத் திருப்பினேன்.

செவ்வாய்க்கிழமை பைசல் அண்ணன் வீட்டுக்கு வந்தார். நல்ல மனிதர்தான், யாரிடமும் குரலை உயர்த்த மாட்டார். கூடத்தில் அத்தாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்ற என்னிடம் தன்மையாகத்தான் பேசினார். கொடியசைக்கும்போது நான் வண்டிக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள். அத்தா மேடையில் இருக்க வேண்டும், இரண்டு வார்த்தை பேச வேண்டும்.

“வியாழக்கெழம நான் கடலூரு போவணுங்க,” என்றேன்.

“ஒரு வாரம் கழிச்சிப் போய்ச் சேந்துக்கலாம்மா. ஆளு இருக்குது, பேசிக்கலாம்.”

“பேசறதுக்கு ஆளு இருந்தா அப்பறம் இந்தப் போர்டு எதுக்குங்க?”

“ஃபரீன்!” என்றார் அத்தா.

நான் நிறுத்தவில்லை. “வியாழக்கெழம போவலன்னா எடம் போயிடும். அப்ப நீங்க எழுதினது நெசமாயிடும். அதுக்குத்தான் சொல்றீங்களா?”

பைசல் அண்ணன் டீ கிளாஸைக் கீழே வைத்தார். அவர் முகம் சுருங்கியது. “ஒனக்கு ஒருத்திக்குக் கெடச்சிட்டுதும்மா. கெடைக்காதவங்களுக்காகத்தான் போறோம்,” என்றார். அது உண்மைதான். அதுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது. கிடைக்காதவர்கள் அத்தனை பேர் இருக்கும்போது கிடைத்தவள் பெயர் எதற்கு?

“கெடைக்காதவங்க பேரப் போடுங்க. எங்கண்ணன் பேரப் போடுங்களேன்.”

“நான் பாஸே ஆவலியே,” என்றான் அண்ணன், அவசரமாக.

அம்மா சமையலறையில் பாத்திரத்தை நங்கென்று வைத்த சத்தம் கேட்டது. அத்தா தொண்டையைச் செருமிக்கொண்டு ஒரு வழி சொன்னார். காலையில் கொடியசைத்தவுடன் மேடையிலிருந்து இறங்கிவிடுவார், நேராக பஸ் ஸ்டாண்டு, பஸ் இல்லாமலா போய்விடும். எல்லோருக்கும் நல்லவராக இருப்பது அவர் சுபாவம். புளி கொண்டுவருகிறவர்களுக்கும் நல்லவர், வாங்குகிறவர்களுக்கும் நல்லவர். நடுவில் நஷ்டம் யாருக்கு என்று அவர் யோசித்ததே கிடையாது.

புதன்கிழமை பலகையின் திருகாணிகளைக் கழற்றி அதைச் சுவரோரம் வைத்துவிட்டு, பேட்டரியை நடுவில் வைத்து, தோல் வாரால் இரண்டு சுற்றுச் சுற்றி இறுக்கினேன். ஸ்பீக்கரையும் நோட்டீஸையும் மட்டும் பின்னால் கட்டினேன். தெருமுனைவரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி அடங்கி, நேராக, சொன்ன பேச்சைக் கேட்டுப் போனது. காலையில் எழுந்து பார்த்தால் பேட்டரி மறுபடியும் பின்னால் இருந்தது. நடுவில் நான் இருந்தேன், மஞ்சளும் சிவப்புமாக. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வண்டி வேண்டும், வேலை வேண்டும், பெயர் வேண்டும். ஆள் மட்டும் வேண்டாம் இவர்களுக்கு.

போட்டோவுக்கு நான் போகவில்லை. பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு அத்தாவுக்காக வாசல் கதவுக்குப் பின்னால் நின்றேன். தெருமுனையில் போட்டிருந்த மேடைக்குத் தலைவர் வெகுநேரம் வரவேயில்லை. வந்துகொண்டிருக்கிறார், வந்துகொண்டிருக்கிறார் என்று மைக்கில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வெயில் ஏறியது. கடைசியில் அவர் வந்து பேச ஆரம்பித்தார், பேசினார், பேசினார். நடுவில் அத்தாவின் குரல் கேட்டது. “என் மவளுக்கு...” என்று ஆரம்பித்து எதையோ விழுங்கிவிட்டு, “நம்ம புள்ளைங்களுக்கு...” என்று முடித்தார். கை தட்டினார்கள்.

அம்மா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு பெட்டியின் ஒரு பக்கப் பிடியைத் தூக்கினார்.

“நட. எனக்கும் கையெழுத்துப் போடத் தெரியும்.”

“அத்தா?”

“அவரு பேசி முடிச்சிட்டு வரட்டும்.”

உளுந்தூர்பேட்டை பஸ் கிளம்புகிற நேரத்தில் ஏறினோம். அங்கே போய் கடலூர் பஸ்ஸுக்கு மாற வேண்டும். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார், இறக்கி வை என்றாலும் கேட்கவில்லை. ஸ்டாண்டைவிட்டு வெளியே வந்து கடைத்தெருவில் திரும்பியதும் பஸ் நின்றுவிட்டது. முன்னால் ஊர்வலம். மலைக்குப் போகிறவர்கள் ஊரை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் போவார்களாம். கொடிகள், கோஷம், சைக்கிள்கள், நடந்துவருகிற கூட்டம், எல்லாம் சாலை முழுக்க அடைத்துக்கொண்டு நத்தையாய் நகர்ந்தன. டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்தார். கண்டக்டர் தலையை வெளியே நீட்டிப் பார்த்துவிட்டு, “எடஒதுக்கீடு கேக்கறாங்கோ. இன்னிக்கி நாம போய்ச் சேந்தாப்பலதான்,” என்றார். பஸ்ஸில் இரண்டு பேர் சிரித்தார்கள். அவர்கள் சிரித்ததற்கும் கோபம் வந்தது, அண்ணன்மேலும் கோபம் வந்தது, எதை முதலில் கத்துவது என்று தெரியவில்லை.

பஸ்ஸுக்கு நேர் முன்னால் கடைசி சைக்கிள் என்னுடையது. பாரத்தால் அண்ணன்தான் எல்லோருக்கும் பின்தங்கியிருந்தான். ஸ்பீக்கர் எங்களைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டு என் பெயரைச் சொல்லிக் கத்தியது. சகோதரி ஃபரீனுக்கு நீதி எங்கே? சகோதரி ஃபரீனுக்கு இடம் எங்கே?

நான் இறங்கினேன். அம்மா கூப்பிட்டது காதில் விழுந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் ஹேண்டில்பாரைப் பிடித்தேன்.

“அண்ணே, ஓரம் போ.”

“இன்னாடி இங்க வந்து... போட்டோ எடுத்துக்கினு இருக்காங்கடி.”

“எடுக்கட்டும். பின்னாடி நிக்கறது என் பஸ்ஸு. வழி வுடு.”

கோஷம் போட்டுக்கொண்டிருந்த பையன்கள் நிறுத்திவிட்டார்கள். சற்று முன்னால் திறந்த ஜீப்பில் பைசல் அண்ணனுக்குப் பக்கத்தில் அத்தா நின்றிருந்தார். கழுத்தில் மாலை. என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பஸ் ஜன்னலில் பெட்டியோடு உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தார். மைக் மட்டும் யாரும் கவனிக்காமல் என் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தது, அது முன்பே பேசிப் பதிவுசெய்த கேசட்.

அண்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு வண்டியை ஒடித்துத் திருப்பினான். சாலையோரத்தில் சாக்கடைமேல் போட்ட சிமெண்ட் பலகை, அது கடைப்படியை நோக்கி மேடாக ஏறியது. அதன்மேல் தள்ளினான். மேட்டில் ஏறியதும் முன்சக்கரம் கிளம்பியது. அவன் கை நழுவியது, பின்னால் பேட்டரியும் ஸ்பீக்கரும் கட்டோடு சாய்ந்தன. நான் யோசிக்கவேயில்லை, பாய்ந்து இரண்டு கையாலும் ஹேண்டில்பாரை அழுத்திப் பிடித்தேன். வண்டி நின்றது. எதிரெதிராக நின்றோம். அவன் முகத்தில் வியர்வை கொட்டியது.

“வுட்டுடாதடி,” என்றான் மெதுவாக. “பேட்டரி ஒடஞ்சிடும். நீயே சொல்லு, மேல எப்படிடி ஏறுவேன்?”

அந்த ஒரு நிமிஷம் அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அப்போது முன்னால் நின்ற கூட்டமும் ஓரமாக ஒதுங்க, கிடைத்த இடைவெளியில் பஸ் உறுமிக்கொண்டு நகர்ந்தது. எங்களை ஒட்டியே போனது. ஒவ்வொரு ஜன்னலாகக் கடந்தது, அம்மாவின் ஜன்னலும் கடந்தது. கண்டக்டர் பின்படியில் தொங்கிக்கொண்டு, “ஏம்மா, வர்றியா இல்லியா?” என்று கத்தினார்.

கையை எடுத்தேன்.

ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துப் படியில் ஏறித் திரும்பியபோது அத்தா ஜீப்பிலிருந்து குதித்து, மாலை தோளில் புரள, சைக்கிளை நோக்கி ஓடிவந்துகொண்டிருந்தார். நோட்டீஸ்கள் சாக்கடைமேலும் சாலைமேலும் சிதறிக் கிடந்தன. அண்ணன் வண்டிக்குப் பின்னால் போய், சரிந்த பாரத்தை நெஞ்சோடு அணைத்துத் தாங்கி நின்றான். முன்சக்கரம் அந்தரத்தில் நின்று, வெயிலில் கம்பிகள் மின்ன, சத்தமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது.